அந்தியோகியாவின் பந்தி

பேரையூர்,
16 ஆகஸ்டு 1934

கிறிஸ்துவுக்குள் பிரியமானவருக்கு,

அப்பாவோடு சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். எப்போது திரும்புவேன் என்று கேட்டு ஆள் அனுப்ப வேண்டாம்.

போன மாதம் உபதேசியாராக நின்று நீங்கள் செய்த பிரசங்கம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டான். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டான். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவனைக் கண்டித்தான். இதைச் சொல்லும்போது எவ்வளவு வீரமாக மேசையைத் தட்டினீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை சபை அசனப் பந்தியில் என் அப்பாவுக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தீர்கள். உங்கள் பெரியப்பா தல்லாகுளத்திலிருந்து வந்து வாசலில் தலை காட்டியதும், பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய் உங்கள் சாதியாரோடு உட்கார்ந்துகொண்டீர்கள். பேதுருவுக்காவது விலகி நிற்கச் சொல்ல மோசேயின் நியாயப்பிரமாணம் இருந்தது. உங்களுக்கு அந்தப் பெரியப்பாவைத் தவிர என்ன இருந்தது?

"மாப்ளைக்கு வயித்துக்கு ஆகலையாம்மா? சோறு அப்படியே கெடக்கே" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். உங்களுக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது.

அடுத்த அசனத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். உங்கள் இலையை எங்கே போடுவது என்று, இப்படிக் கடிதத்தில் அல்ல, சபையார் எல்லாருக்கும் முன்பாகக் கேட்பேன்.

இப்படிக்கு,
அவர் மகள்