பொதுச்சுவரில் மாட்டிய தொலைபேசி

நாள் 203, மாலை 6.20

எழுதுவது சிவபாக்கியம். செவ்வாய்க் குடியிருப்பு, கீழ்வரிசை, பதினான்காம் வீடு. இதை யார் எடுத்துப் படித்தாலும் கை கழுவிவிட்டு எடுக்கவும். பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் செலவு நேற்றைவிட அரை லிட்டர் குறைவு. விளக்கு ஏற்றியாயிற்று, மின்விளக்குதான், இங்கே தீபத்துக்கு அனுமதி இல்லை.

என் வீட்டுக்காரர் பனிச்சுரங்கத்தில் இருக்கிறார். ஆறு மாத முறை. தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டு வைஃபை வழியாக முகம் காட்டுவார். இன்று "இந்தா, சாப்" என்றதோடு படம் உறைந்துவிட்டது. ரூட்டரில் எல்லா விளக்கும் பச்சை. காரணம் தெரியவில்லை. பார்க்க வேண்டும்.

நாள் 206, மாலை 7.00

மூன்று நாளாக அதே நேரம், அதே கதி. ரூட்டரைக் குளிர்பெட்டி மேலிருந்து இறக்கிவைத்தேன். மைக்ரோவேவை அணைத்தேன். கையேட்டைப் படித்து ஒன்று, ஆறு, பதினொன்று என்று சேனலை மாற்றினேன். பயனில்லை.

காரணம் பக்கத்து வீடு. அங்கே வசுமதி இருக்கிறாள். தனியாள். சுரங்கத்து ஆட்களின் காற்று உடுப்புகளுக்கு ஒட்டுப் போடுகிறவள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் கார்ட்லெஸ் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நடந்தபடியே பேசுவாள். வைஃபை ஓடும் அதே அலைவரிசையில்தான் அந்தப் போனும் ஓடுகிறது. அதன் பெட்டி எங்கள் பொதுச்சுவரில் மாட்டியிருக்கிறது. காதருகே ஒருத்தி கத்தும்போது தூரத்தில் இருப்பவர் பேச்சு எப்படிக் கேட்கும்?

வாசல் ஒலிபெருக்கியில் கேட்டேன். பதில்:

"அக்கா, சுரங்கத்து ஒயர் அந்த ஒரு இடத்துலதான் வருது. போன் பெட்டியை நான் என்ன தலையிலயா வச்சுக்கட்டும்?"

"பேச்சையாவது குறைக்கலாமே."

"வேலை அக்கா! அங்க ஆறு மணிக்குத்தான ஷிப்ட் முடியுது. அப்பத்தான் கூப்பிடுவாங்க."

யார் கூப்பிடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நாள் 209, மாலை 6.40

என் அழைப்பு 6.04க்கு அறுந்தது. 6.05க்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு.

பழைய கம்பியில்லாக் கேமரா ஒன்று பரணில் கிடந்தது. அதுவும் அதே அலைவரிசைதான். அதன் வாங்கும் பெட்டியை எடுத்து முள்ளை மெல்லத் திருப்பினேன். பாவம்தான். இரண்டு முறை சுவாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் திருப்பினேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன். கோடு போட்ட இடம் என் வீட்டுக்காரர் பெயர். நான் எழுத மாட்டேன். அவள் கூசாமல் சொல்கிறாள்.

"மணிக்கட்டுகிட்ட இன்னும் கசியுது, வசு."

"புது உடுப்பு கேளுங்க, ——. ஒட்டு எத்தனை நாள் தாங்கும்?"

"அடுத்த கப்பல்லதான் வருமாம். வீட்ல சொல்லிராதீங்க. தெரிஞ்சா விரதம்னு உக்காந்துருவா. பத்து நாளைக்குப் பச்சைத்தண்ணி."

"உங்களுக்குக் கசிவு நிக்குதோ இல்லையோ, அக்காவுக்கு மளிகை மிச்சம்!"

இருவரும் சிரித்தார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு வருஷக்கணக்காகிறது.

கசிவு பெரிய விஷயம். எனக்குத் தெரியும். ஆனால் நெஞ்சில் நின்றது கசிவு அல்ல. இருபத்திரண்டு வருஷம் எனக்கு "இந்தா". அவளுக்கு "வசு".

இன்று முதல் விரதம்.

நாள் 211, மாலை 7.10

கேமராவின் அனுப்பும் பெட்டியைத் திறந்து அதன் சக்தியைக் கூட்டினேன். சுவரில் அவள் போனுக்கு நேராக நிறுத்தி ஆறு மணிக்குப் போட்டேன். அவள் போனில் வெறும் இரைச்சல்.

என் வைஃபையும் போய்விட்டது. போகட்டும். அவர் முகம் பார்ப்பதை விட்டதும் இந்த விரதத்தில் சேர்த்தி. எனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாம்.

"அக்கா, உங்க வீட்டுல ஏதாவது புதுசா ஓடுதா? போன்ல கொரகொரன்னு ஒரே சத்தம்."

பூஜையில் இருக்கிறேன் என்றேன்.

நாள் 214, காலை 9.30

இப்போது காலையில் பேசிக்கொள்கிறார்கள். காலையிலும் போட்டேன்.

தலை சுற்றுகிறது. தண்ணீர் மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் போனைத் தட்டிப் பார்க்கிறாள். ஊதிப் பார்க்கிறாள். நன்றாக ஊதட்டும்.

நாள் 215, காலை 11

வாசல் கதவை அடிக்கும் சத்தம். ஒலிபெருக்கியில் அவள்:

"அக்கா, கதவத் திறங்க! உங்க வைஃபைல சுரங்கத்தைப் பிடிங்க! —— வெளில நிக்கிறாரு, மணிக்கட்டு வளையம் விட்டுருச்சு. கசிவு நிக்க மூணு பூட்டு போடணும். ரெண்டுதான் சொன்னேன், மூணாவது சொல்றதுக்குள்ள லைன் போச்சு. அக்கா! அவர் காத்துக்கிட்டு இருப்பாரு!"

சுவர்ப்பக்கம் ஓடினேன். விழுந்தேன். எழுந்தேன். அனுப்பும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

ரூட்டரை அணைத்துப் போட்டேன். அது திரும்பத் தொடங்க இரண்டு நிமிஷம் எடுக்கும். கையேட்டில் போட்டிருக்கிறது.

சிவப்பு. சிவப்பு. மஞ்சள்.

நாள் 215, மாலை

சுரங்கக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு. படம் தெளிவு. துளி இரைச்சல் இல்லை.

"அம்மா, மனசத் தேத்திக்குங்க. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள காத்து முழுக்கப் போயிருச்சு. தலைக்கவசத்துல இருந்து ரெண்டு எடத்துக்குக் கூப்பிட்டுருக்காரு. ரெண்டும் கிடைக்கல. கடைசியாப் பேசினது பதிவுல இருக்கு. கேக்குறீங்களா?"

"முதல்ல யாரைக் கூப்பிட்டாரு?"

"அம்மா?"

"ரெண்டு பேர்ல முதல்ல யாரை?"

"ஒட்டுப் போடுற அம்மாவ. அப்புறம் உங்கள."

பதிவைப் போட்டார். "வசு, கேக்குதா? மூணாவது என்ன? வசு?" பிறகு மூச்சு. பிறகு என் வீட்டு எண்ணை அழுத்தும் சத்தம். மணி போகிறது. மறுபடி மணி. "இந்தா," என்றார். அவ்வளவுதான்.

நாள் 215, இரவு

அனுப்பும் பெட்டி அணைந்திருக்கிறது. வாங்கும் பெட்டி அணைந்திருக்கிறது. ரூட்டரில் எல்லாம் பச்சை.

வசுமதி அழுகிறாள். மூன்றாவது பூட்டு, மூன்றாவது பூட்டு என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். நான் திருத்தவில்லை. எனக்குக் கண்ணீர் வரவில்லை. என் புருஷனுக்கு என்னைவிட அதிகமாக அவள் அழுகிறாள்.

அந்த அழுகை சுவர் வழியாக நேராக வருகிறது. இதற்கு அலைவரிசை கிடையாது. எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டேன்.