மாமன் வாங்கின தட்டு

அருப்புக்கோட்டை
24-9-96

என் மகன் உதயகுமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நீயும் மருமகள் தங்கச்செல்வியும் பேத்திமார் இரண்டு பேரும் பம்பாயில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று திருமேனிநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். கடுதாசி நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. உன் மாமன் தட்டு வாங்கின அன்றைக்கு நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு எவனாவது உன்னிடம் மாற்றிச் சொன்னால் யாரிடம் கேட்கலாம் என்று உனக்குத் தெரிய வேண்டும். நான் இருந்தேன். பந்தல்குடியில் இருந்து உன் அக்கா கனகலட்சுமி வந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஆசியா உம்மா நம் கிரைண்டரில் மாவாட்ட வந்து உட்கார்ந்திருந்தாள். உன் மாமன் தங்கசாமி இருந்தான். அவன் கூட்டிக்கொண்டு வந்த உங்கள் கம்பெனியின் பெரிய பைலட்டு கேப்டன் சௌந்தரபாண்டியன் இருந்தார். வாடகைக் கார் டிரைவர் மொக்கையன் உள்ளே வரவில்லை, ஆனால் ஜன்னல் ஓரமாக நின்று பீடி குடித்ததால் அவனுக்கும் எல்லாம் காதில் விழுந்திருக்கும். இவ்வளவு பேர்தான்.

நீ ஞாயிற்றுக்கிழமை மெடிக்கல் ஷாப்புக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டு, "மாமா தட்டு வாங்கிட்டாராம்மா, நீங்களும் சரின்னுட்டீங்களாமே, இனி நான் எப்படிப் போறது, சிங்கப்பூர் கம்பெனிக்காரனுக்கு வேலைக்கு வரலைன்னு எழுதிறப் போறேன்" என்று சொன்னாய். அங்கே இருமல் மருந்து வாங்க நின்றவர்கள் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு வாயில் வந்ததைச் சொல்ல முடியவில்லை, அதற்குள் லைனும் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நான் சரி என்று சொல்லவில்லை. சொல்லவே இல்லை. நடந்தது என்ன என்று கேள்.

ஊருக்கெல்லாம் விமானம் விடுகிற கம்பெனி, பெரிய பைலட்டை அனுப்ப ஒரு கார் இல்லை. அந்த ஆள் மதுரையில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, இங்கே தங்கசாமி பிடித்துக் கொடுத்த வாடகைக் காரில் வந்தார். தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையையே போட்டுக்கொண்டு வந்தார், தெருவில் நின்றவர்கள் ரயில்வே செக்கிங் ஆள் என்று நினைத்திருப்பார்கள். உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "நாங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரிம்மா. உதயா மாதிரி நல்ல பைலட்டுக நாலு பேரு போனா கம்பெனியே நின்னுபோகும். கஷ்டத்துல விட்டுட்டுப் போறது நல்லாவா இருக்கு? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் தட்ட மாட்டான்" என்றார். குடும்பமாம். சம்பளத்தைக் கேட்டால் அடுத்த வாரம் என்கிறவனும், பெட்ரோல்காரன் ரொக்கத்தைப் பார்த்த பிறகுதான் ஊற்றுவான் என்று நடு வெயிலில் சனங்களை விமானத்துக்குள் அடைத்துப் போட்டவனும் எந்த ஊர்க் குடும்பம்? ரயில் டிக்கெட்டு விலைக்கு விமானம் விடுகிறேன் என்று பேப்பரில் படம் போட்டுச் சிரித்தானே உங்கள் முதலாளி, விமானத்தில் குடுக்கிற ஒரு மிட்டாயைக்கூட நிறுத்திவிட்டதாக நீதானே பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய்.

உன் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன் சார், செட்டுல நிக்கிற ஒரு விமானத்துச் சாமானைக் கழத்தித்தான் மத்ததுக்கு மாட்டுறாகளாமே, தம்பி சொன்னான். எங்க வீட்டுக்காரர் டயர் கடைக்கு அப்படி ஒரு லாரி வந்தா, ஓனரைக்கூட விட்டுருவாக, ஏறி ஓட்டுற டிரைவரைத்தான் மொதல்ல வைவாக" என்று கேட்டாள். அதற்கு அவர், "அதெல்லாம் எல்லா இடத்துலயும் உள்ளதுதாம்மா, டெக்னிக்கல் விசயம்" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். உன் அக்கா விடாமல், "நீங்க அதுல பொஞ்சாதி பிள்ளையக் கூட்டிட்டுப் போவீகளா?" என்றாள். தங்கசாமிதான், "ஏ புள்ள, பெரியவுக பேசுறப்ப வாய மூடு" என்று அவளை அதட்டினான். பிள்ளை பெற்றவளைப் பார்த்து ஏ புள்ளயாம்.

இதற்குப் பிறகு நடந்ததை நன்றாகக் கவனி. பேச்சு வாக்கில் ஆசியா உம்மாவின் மகன் சகாபுதீன் ஷார்ஜா ஏர்போர்ட்டில் சாமான் ஏற்றுகிற வேலை பார்க்கிறான் என்று நான் சொன்னேன். அதைக் கேட்டதும் அந்த ஆள் அதுவரைக்கும் சாய்ந்து இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஷார்ஜாவில் வீடு எந்தப் பக்கம் கிடைக்கும், தண்ணீர் எப்படி, நம் ஊர்ப் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம் உண்டா, நடு வருஷத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்களா என்று வரிசையாகக் கேட்டார். ஆசியா உம்மா பாவம், தெரிந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு மாவு வழிக்கிற கையோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள். தங்கசாமி பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் காப்பி போட உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் உன் மாமன் மடியில் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஆப்பிளோடு ஒரு தட்டு இருக்கிறது. தட்டில் ஒரு பொம்மை விமானம் வேறு.

அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமன் கை நீட்டித் தட்டு வாங்கினால் அந்த வீடே வாக்குக் கொடுத்த மாதிரி. உன் அக்காவுக்குப் பேசி முடித்தது அப்படித்தான், உனக்குப் பெண் எடுத்ததும் அப்படித்தான். பம்பாய் முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது. சௌந்தரபாண்டியனுக்குத் தெரியும், அவர் திருமங்கலத்துக்காரர், அதனால்தான் கடிதம் எழுதாமல் தட்டோடு வந்தார். நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டேன், "அய்யா, இந்தத் தட்டு எதுக்கு? மரியாதைக்குன்னா இருக்கட்டும், வாக்குக்குன்னா இப்பவே எடுத்துட்டுப் போயிருங்க" என்றேன். "மரியாதைக்குத்தாம்மா, வெறுங்கையோட வரலாமா" என்றார். தங்கசாமியும், "அட மரியாதைக்குத்தாங்க்கா, நீ ஒருத்தி" என்றான். மேலே பேர் எழுதியிருக்கிறேனே, அத்தனை பேர் காதிலும் விழுந்த வார்த்தை இது. அந்த ஆள் காப்பியைக் குடித்து, நல்ல காப்பி என்று சொல்லிவிட்டுப் போய், பம்பாயில் உன்னிடம் அதே தட்டை வாக்காக மாற்றிச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் போட்டது நல்ல பசும்பால், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கார் தெரு முனை திரும்புவதற்குள் ஆசியா உம்மா சொல்லிவிட்டாள். "மதினி, நடு வருசத்துல பள்ளிக்கூடம் தேடுற மனுசன் இங்க இருக்கப் போறவரா? உங்க பிள்ளைய நிறுத்திப்புட்டு அவருல்ல கெளம்புறாரு" என்றாள். சந்தேகத்துக்கு மகனிடமும் விசாரிக்கச் சொன்னாள். சகாபுதீன் வெள்ளிக்கிழமை பேசியபோது உறுதியாகச் சொல்லிவிட்டான். அங்கே சரக்கு விமானம் விடுகிற ஒரு கம்பெனியில் சௌந்தரபாண்டியன் என்கிற கேப்டன் அடுத்த மாதம் சேருகிறார். உங்கள் கம்பெனியில் மற்ற பிள்ளைகள் எல்லாம் நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் ஓட்டிக் கழித்துவிட்டுத்தான் போக வேண்டுமாம், இவரை மட்டும் உடனே விடுகிறார்களாம். எதற்கு விடுகிறார்கள்? உங்களை எல்லாம் கட்டிப்போட்டுக் கொடுத்ததற்கு. நம் வீட்டுக்கு மட்டுமா வந்திருப்பார், இன்னும் எத்தனை வீட்டுக்குத் தட்டோடு போனாரோ. அந்தப் பிள்ளைகளிடமும் நீ சொல்லிவிடு.

நீ போன் பேசின மறுநாள் காலையில் நான் உன் மாமன் இங்கேயே வைத்துவிட்டுப் போன அந்தத் தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு திருச்சுழியில் தங்கசாமியின் உரக்கடைக்குப் போனேன். கடை வாசலில் புதுப் போர்டு தொங்குகிறது. மேலே உங்கள் கம்பெனி பெயர், இங்கு விமான டிக்கெட் கிடைக்கும் என்று சிவப்பு எழுத்து, பக்கத்தில் கெளுத்தி மீன் மாதிரி ஒரு விமானம். அதற்குக் கீழேதான் வேப்பம் புண்ணாக்கும் பூச்சி மருந்தும். நம் திருச்சுழிச் சனம் எல்லாம் உர மூட்டையை இறக்கி வைத்துவிட்டு விமானம் ஏறப் போகிறதாம். ஏலே, இது எப்ப எழுதினது என்று கேட்டேன். ஆடியிலேயே எழுதியாச்சு என்றான் பெருமையாக. சௌந்தரபாண்டியன் ஆவணியில் வந்தார். ஆக, ஏஜென்சி தருகிறேன் என்று ஒரு போர்டைக் காட்டி இவனை முன்னமே வளைத்துப் போட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான், "அந்த ஆளு ஷார்ஜா பள்ளிக்கூடத்தப் பத்திக் கேட்டப்ப உனக்கு ஒண்ணும் புரியலையாடா?" என்று கேட்டேன். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நான் விட்டிருப்பேன், இவன் சின்னப் பிள்ளையில் இருந்து மந்தம்தான். ஆனால் இவன், "புரிஞ்சதுக்கா, போர்டு எழுதியாச்சே" என்றான்.

நான் தட்டைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன். வெற்றிலை அழுகி ஆப்பிளில் ஈ மொய்த்தது, அப்படியே வைத்தேன். "நீ வாங்கினத நீயே வச்சுக்க. என் வீட்டு வாக்கு இதுல இல்ல, இனிமே என் வீட்டுக்கு எந்தத் தட்டையும் நீ வாங்க வேண்டாம்" என்றேன். யூரியா வாங்க வந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "நாலு பேரு முன்னால அசிங்கப்படுத்துறியேக்கா" என்றான். "அதுக்குத்தாண்டா கடை தொறந்த பெறகு வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதனால் உனக்குச் சொல்கிறேன், தட்டு திரும்பிவிட்டது, நம் வீட்டு வாக்கு என்று ஒன்று அந்தக் கம்பெனியில் கிடையாது. இந்தக் கடுதாசி கையில் கிடைத்த அன்றைக்கே நோட்டீஸை எழுதிக் கொடு. சிங்கப்பூர்க்காரனுக்கு வருகிறேன் என்று சொல். மிச்சம் இருக்கிற மூன்று மாதத்தில் கோளாறு என்று உனக்குத் தெரிந்த விமானத்தில் யார் சொன்னாலும் ஏறாதே, காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கி வா. பைலட்டு போனால் கம்பெனி நின்றுவிடும் என்று அழுகிறவன், பைலட்டு செத்தால் மட்டும் பேப்பரில் ஒரு படம் போட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுவான். வேலை பார்க்கிற மற்றவர்கள் பாவம் என்று நீ போனில் சொன்னாய், பாவம்தான், ஆனால் அவர்களைத் தெருவில் விடப் போகிறவன் முதலாளி, நீ இல்லை.

மருமகளிடம் இதை முழுக்கப் படித்துக் காட்டு, அவளுக்கு நீ ஒளிக்காதே. பெரியவளுக்குச் சளி பிடித்தால் பம்பாய் டாக்டர் மருந்தை மட்டும் நம்பாமல் தூதுவளை ரசம் வைத்துக் கொடுக்கச் சொல், காய வைத்த இலை கனகலட்சுமி கட்டி அனுப்புகிறாள். இங்கே மழை ஏமாற்றிவிட்டது, பருத்தி போட்டவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். சிங்கப்பூர் போவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை வந்து போ. நோட்டீஸ் கொடுத்ததும் மெடிக்கல் ஷாப்புக்குப் போன் போட்டு, கொடுத்தாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு எதுவும் அங்கே பேசாதே.

நீயும் உன் பிள்ளைகளும் நூறு வயசு இருக்க வேண்டும், எந்த ஊரில் இறங்கினாலும் கால் தரையில் பதிய வேண்டும். உங்கள் முதலாளி முகம் எனக்குத் தெரியாது, தெரியாதவனை என்ன சொல்ல. சௌந்தரபாண்டியன் தன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடினார், காறித் துப்பிவிட்டு மறந்துவிடுவேன். உன் அக்கா கல்யாணத்தில் உன் மாமன் பந்தியில் அப்பளம் வரவில்லை என்று எழுந்து போனதையும், உன் அப்பா இறந்தபோது கோடித் துணி எடுக்க மறந்து வந்ததையும்கூட நான் மன்னித்துத்தான் அவனுக்கு இத்தனை வருஷம் சோறு போட்டேன். ஆனால் உன்னை மடியில் வைத்துக் காது குத்தின கையாலேயே, எல்லாம் புரிந்துகொண்டு அந்தத் தட்டை வாங்கினானே, அதை மன்னிக்க மாட்டேன். என் ஆசீர்வாதம் எல்லாருக்கும் உண்டு, என் கூடப் பிறந்த தங்கசாமிக்கு மட்டும் கிடையாது.

இப்படிக்கு,
உன் அம்மா
பொன்னுத்தாய்