மூன்று முறையும் ஒற்றைப்படை

பான் நோங் பலாய்,
ஜூன் 11

அன்புள்ள இல்ஸே அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? மாவுக்கட்டை எப்போது பிரிப்பார்கள்? நீங்கள் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. அம்மா இன்னும் காலையில் உங்கள் சின்ன மூங்கில் சோற்றுக்கூடையிலும் சோறு எடுத்து வைக்கிறாள். வைத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. "கை அதுபாட்டுக்குச் செய்யுது" என்று சொல்லிவிட்டு அதை எனக்கே தள்ளிவிடுகிறாள். நான் குண்டாகிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு லமை அத்தைக்கு உங்கள்மேல் ஒரே ஏக்கம். "எங்கடி அந்த நெட்டச்சி? 'எங்க போறே'ன்னு ஒரு வார்த்தை கேட்டா, கடைக்கு, சோப்பு வாங்க, அப்புறம் தபால் போட, திரும்பறப்ப கோயில் வழியான்னு மூச்சுவிடாம சொல்லுவாளே! இப்ப எதிர்ல வர்றதெல்லாம் சும்மா தலையாட்டிட்டுப் போகுதுங்க" என்கிறாள்.

ஊர்த்தலைவர் கோயில் வளைவில் மூங்கில் வேலி போட்டு, சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம் அடித்திருக்கிறார். "டீச்சரே மோட்டார் சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டாங்க, நம்ம பிள்ளைங்க எம்மாத்திரம்?" என்று எல்லோரிடமும் சொல்கிறார். பள்ளிக்குச் சைக்கிளில் போகும்போது தினமும் அந்த வேலியைத் தாண்டுகிறேன். அங்கே வந்ததும் வயல் பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

என் முழங்கால் சிராய்ப்பு ஆறிவிட்டது. சைக்கிளிலிருந்து விழுந்ததாகத்தான் அம்மா இன்னும் நினைக்கிறாள். மார்ச்சில் டவுன் பள்ளிக்கூடத்துப் பரீட்சை. நீங்கள் கொடுத்த அகராதியில் 'ம' வரை வந்துவிட்டேன்.

என்றும் உங்கள்,
பிகுன்

*

ரீகா,
ஜூலை 2

என் பிரியமுள்ள பிகுனுக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை மெலிந்து, வேறு யாருடையதோ போல இருக்கிறது. அம்மாவிடம் சொல், நன்றாகச் சாப்பிடுகிறேன். தூக்கம்தான் சரியில்லை. டிராம் மணி அடித்தால் கால் நின்றுவிடுகிறது. சாலையைக் கடக்கப் போய், எல்லோரும் போன பிறகும் இந்தப் பக்கமே நிற்கிறேன். சிரிப்பாக இல்லை?

அடுத்த பத்தியை அம்மாவுக்கு வாசிக்காதே. நவம்பரில் திரும்ப வரலாமா என்று, என்னை டீச்சராக அங்கே அனுப்பிய தொண்டர் அலுவலகத்தில் கேட்டேன். வண்டி ஓட்டக்கூடாது என்ற விதியை மீறியவளை எப்படி மறுபடி அனுப்புவது என்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் கூடி முடிவெடுப்பார்களாம். நீ கவலைப்படாதே. ஓட்டியது நான் என்று சொன்னது என் முடிவு. "வண்டியைத் தொட்டா டவுன் பள்ளிக்கூடம் கிடையாது" என்று அம்மா சொல்லியிருந்தது எனக்கும் தெரியும். நீ படி.

அன்புடன்,
இல்ஸே

*

பான் நோங் பலாய்,
ஜூலை 20

அன்புள்ள அக்கா,

நாற்று நடவு முடிந்துவிட்டது. கண்ணாடி போட்டாலும் அம்மாவுக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது. அதனால் உங்கள் கடிதத்தை நான்தான் வாசித்துக்காட்டினேன், அந்தப் பத்தியை விட்டுவிட்டு. டிராம் மணி வந்த இடத்தில் அம்மா பப்பாளி சீவுவதை நிறுத்திவிட்டாள். "பயத்துல அவளோட உள்ளுயிர் விழுந்த இடத்துலயே நின்னுபோச்சு. அந்த அவசரத்துல கூப்பிடாமலே ஏரோப்ளேன் ஏத்திட்டோமே!"

அன்று சாயங்காலமே மீன் அள்ளும் கைவலை, அவித்த முட்டை, ஒரு பிடி சோறு, நீங்கள் கொடியில் விட்டுப்போன நீலச்சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு உங்கள் உயிரைக் கூப்பிடக் கோயில் வளைவுக்குப் போனோம். லமை அத்தையும் வந்தாள். அம்மா சாலையோரப் புல்லில் வலையை வீசி வீசி அள்ளினாள். "வாம்மா இல்ஸே, வா. சேத்துல கெடக்காதே, மழைல நிக்காதே. வீட்டுக்கு வா. சோறு இருக்கு, மீன் இருக்கு."

"அவ பாஷையில கூப்பிடணுமோ என்னமோ" என்றாள் அத்தை.

"ஒரு வருஷம் நம்ம சோறு தின்னவ. புரியும்."

வீட்டுக்கு வந்து ஒரு சிட்டிகை அரிசியை எண்ணினோம். இரட்டைப்படையாக இருந்தால் உயிர் வந்துவிட்டது, ஒற்றைப்படையாக இருந்தால் வரவில்லை. பதினேழு. இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம், இருபத்தொன்று. நேற்று மூன்றாம் முறை, பதின்மூன்று. அம்மா அரிசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "நம்மமேல கோவமாடி அவளுக்கு? நான் என்ன கொறை வச்சேன்?" என்று என்னைக் கேட்டாள்.

நான் உங்கள் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தேன். எழுத நினைப்பதை எழுத முடியவில்லை அக்கா.

பிகுன்

*

ரீகா,
ஆகஸ்ட் 5

பிகுன்,

சொல்லாதே. மார்ச் வரை பொறு. பரீட்சை முடியட்டும், பிறகு நாம் இருவரும் சேர்ந்தே சொல்வோம். எனக்குத் தூக்கம் கெட்டது பெரிய விஷயம் இல்லை. அம்மாமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது என்று மட்டும் சொல்லிவிடு.

இல்ஸே

*

பான் நோங் பலாய்,
ஆகஸ்ட் 19

அன்புள்ள இல்ஸே அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். உங்கள் பேச்சை நான் மீறுவது இதுதான் முதல் தடவை, மன்னியுங்கள்.

கடிதம் வந்து இரண்டாம் நாள் அம்மா மறுபடி வலையைத் தோளில் போட்டாள், லமை அத்தையும் கிளம்பி வந்தாள். இந்தத் தடவை இரண்டு முட்டை. பார்க்கப் பொறுக்கவில்லை.

"அம்மா, அங்க இல்ல."

"எது இல்ல?"

"அக்கா விழுந்தது வளைவுல இல்ல. கால்வாய்க்கரையில, மதகுகிட்ட. ஓட்டினது நான். வண்டி கத்துக்கணும்னு நான்தான் கெஞ்சினேன். எனக்காக அக்கா பழிய ஏத்துக்கிட்டாங்க. அங்க எதுக்குப் போனீங்கன்னு கேப்பாங்கன்னு இடத்தையும் மாத்திச் சொன்னாங்க."

முதலில் பேசியது லமை அத்தைதான். "அடிப்பாவி! அப்ப இத்தனை நாளா நாங்க யாரு உயிரடி அள்ளிட்டு வந்தோம்?"

அம்மா நேரே மதகைப் பார்த்து நடந்தாள். நான் சட்டையோடு பின்னால் ஓடினேன். அங்கே போனதும் வலையை என் கையில் திணித்தாள். "நீதானே விழ வச்சே? நீயே கூப்பிடு."

கூப்பிட்டேன். 'வாங்க அக்கா' வரைக்கும் நான். மீதியை அம்மா சொன்னாள்.

அரிசியை அம்மாதான் எண்ணினாள். பதினாறு. தடுமாறி இன்னொரு முறை எண்ணினாள். பதினாறேதான்.

மறுநாள் உங்கள் அலுவலகத்துக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். அம்மாவும் ஊர்த்தலைவரும் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் முணுமுணுத்துக்கொண்டே வேலியைப் பிடுங்கி மதகுக்குக் கொண்டுபோனார். டவுன் பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்கு நான் நிரப்பி வைத்திருந்த படிவம் மேசைமேல் இல்லை. அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள், பார்த்தேன்.

இந்த வெள்ளை நூலை உங்கள் சட்டைக்கையில் சுற்றிக் கொண்டுவந்தோம். வந்த உயிர் உங்களிடம் தங்க, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். மூன்று நாள் அவிழ்க்கக்கூடாது. கத்தரிக்கோல் படவே கூடாது.

பிகுன்

*

ரீகா,
செப்டம்பர் 12

என் பிகுனுக்கு,

நூல் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒற்றைக் கையால் கட்ட வரவில்லை. மாடிவீட்டு அம்மாளிடம் நீட்டினேன், என்ன ஏது என்று கேட்காமல் கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனபோது, எதிர்ப்பக்கம் போய் நின்ற பிறகுதான் சாலையைக் கடந்துவிட்டது தெரிந்தது.

அலுவலகம் முடியாது என்று எழுதிவிட்டது. விதியை மீறியதற்காக இல்லை, அவர்களிடம் பொய் சொன்னதற்காக. சரியான முடிவுதான். ஆகவே டீச்சராக இல்லாமல் விருந்தாளியாக, அறுவடைக்கு வருகிறேன். எங்கே போகிறாய் என்று லமை அத்தை கேட்டால் சொல்ல நீளமான பதில் ஒன்று தயாராக இருக்கிறது.

இனி வருவது அம்மாவுக்கு. அம்மா, கேட்டது உங்கள் மகள். ஆனால் சாவியைக் கொடுத்தது பெரியவளான நான். முதல் பொய்யைச் சொன்னதும் நான்தான். அவள் அதைத் தாங்க முடியாமல் உண்மையைச் சொன்னாள், அதனால் எனக்குத் தூக்கம் வந்தது. எனக்குத் தரவேண்டிய தண்டனையை நான் வரும்வரை வைத்திருங்கள். படிவத்தை மட்டும் பானையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

பிகுன், இதை உரக்க வாசி. இந்தக் கடிதத்தில் விட்டுவிட்டு வாசிக்க ஒரு பத்தியும் இல்லை.

உங்கள் வீட்டுப் பெண்,
இல்ஸே