தாலியில் கோத்த ஊக்கு

என்னங்க,

உங்களுக்கும் அத்தைக்கும் என் நமஸ்காரம். அத்தையின் முட்டிவலி குறைந்ததா? சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா?

இதைக் கொண்டுவரும் கோகுலகிருஷ்ணன் இங்கே ஜெர்மனியில் என்னோடு காந்தம் சோதிப்பவர், திருப்பதிக்காரர். போன செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது. பயப்படாதீர்கள். கரண்டை நிறுத்திவிட்டு காந்தத்தின் அருகே போனோம். கரண்ட் அளவைக் காட்டும் திரையில் பூஜ்யம். நான் முன்னே, கோகுல் இரும்பு ஸ்பானரோடு பின்னே. ஹாலில் சத்தமே இல்லை. திடீரென்று என் தாலிச்சரடு தானாக எழுந்து, காந்தத்தைப் பார்த்து நேராக நின்றது. யாரோ விரலால் பிடித்து இழுப்பது போல.

சரடில் மாட்டிய ஊக்குகளை அன்று கழற்ற மறந்திருந்தேன்.

"கோகுல், அங்கேயே நில்லு!"

"அக்கா, இன்னாக்கா இது, செயின் அந்தரத்துல நிக்குது!"

இந்தக் காந்தத்தின் கம்பிச்சுருளைக் கடுங்குளிரில் வைத்திருப்போம்; அந்தக் குளிரில் உள்ளே புகுந்த கரண்ட், வெளியே நிறுத்தினாலும் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது அடங்கிவிட்டதென்று நினைத்தது எங்கள் தப்பு. இன்னும் நாலடி வந்திருந்தால் ஸ்பானர் அவர் கையைவிட்டுப் பறந்திருக்கும். நடுவில் நான். அதற்காகத்தான் அவர் திருமலை அடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்தே ஏறி மொட்டை போடப் போகிறார். எனக்கு ஒன்றுமில்லை என்றாலும் கேட்கவில்லை.

இப்போது தாலியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். அத்தையிடம் சொல்ல வேண்டாம். வேலை நேரத்தில் கட்டிக்கொள்ள, கோகுலிடம் ஒரு மஞ்சள் கயிறு கொடுத்தனுப்புங்கள்.

கோகுலை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக டாக்ஸி வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காந்தமே இல்லாத என் அறையில், வெறுங்கழுத்தோடு இருக்கும்போதும், அந்த இழுப்பு நிற்கவில்லை.

ஸ்வர்ணலதா