விரிசல் பார்க்கத் தெரிந்தவள்

ஜூன் 3

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்காவின் ஸ்தோத்திரம். போனில் பிடித்தால் லைன் சரியில்லை என்று சொல்லித் தப்பித்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

முழங்கால் வலி இருக்கிறது, ஆளைப் படுக்கவைக்கிற அளவுக்கு இல்லை. இந்த வருடத்தோடு பள்ளிக்கூடத்தில் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். பிறகு ஆலயத்துப் பாடகர் குழுதான் எனக்குக் கதி. ஆகஸ்டில் ஆலயத்தின் ஆண்டு விழா. போதகர் ஐயா போன வருடம் கட்டிய பால்கனியில் எழுபத்திரண்டு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடவைக்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. ஆர்கன் மூடியில் வாராவாரம் வெள்ளைத் தூள் படிகிறது. துடைத்துவிட்டுப் போனால் அடுத்த ஞாயிறும் அப்படியே. பக்கக் கதவு இறுகிப்போய், தோளால் இடித்தால்தான் திறக்கிறது. பால்கனியைத் தாங்குகிற இரும்பு உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. ஏதாவது ஆபத்து என்றால் ஓர் அடையாளம் காட்டும் ஆண்டவரே என்று தினமும் ஜெபிக்கிறேன். இதுவரை ஒன்றும் காட்டவில்லை.

விழாவுக்காவது வா. நீ ஆலயத்துக்குள் கால் வைத்து ஆறு வருடம் ஆகிறது. நீ இருக்கிற ஊரிலும் ஆலயத்துக்குப் போவதில்லை என்று உன் மனைவி சொன்னாள். அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

உனக்காக ஜெபிக்கிற
அக்கா

ஜூன் 17

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மகளுக்குப் பல் விழுந்து பல் முளைக்கிறது.

அடையாளம் கேட்டாய். தூள் வந்துவிட்டது, கதவு இறுகிவிட்டது, கோடும் விழுந்துவிட்டது. இதற்கு மேல் ஆண்டவர் என்ன, அறிவிப்புப் பலகை எழுதி மாட்டுவாரா?

கோபித்துக்கொள்ளாதே. நான் சொல்கிறபடி செய். படச்சட்டம் போடுகிற கடையில் விரலகலத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டுகள் கேட்டு வாங்கு. கோட்டுக்குக் குறுக்கே ஒரு துண்டை வைத்து, இரண்டு முனையிலும் கொஞ்சம் சிமெண்ட் அப்பிவிடு. தேதியைப் பக்கத்தில் எழுது. பழைய கோடு என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். சுவர் நகர்கிறது என்றால் உடையும். ஏணியைப் பிடிக்க ஆள் வைத்துக்கொள். அந்த உத்திரத்துக்கு நேர் கீழே மட்டும் யாரும் நிற்கக்கூடாது. பக்கவாட்டிலிருந்து பார்.

ஞானம் வேண்டும் என்று கேட்டால் கிடைக்கும் என்று நீதான் ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். கேட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருக்கச் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை. தேட வேண்டும் என்றும் சொன்னாய்.

விழாவுக்கு வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

சின்னவன்

ஜூலை 9

சின்னவனே,

முதல் கண்ணாடி ஒன்பதாம் நாள் உடைந்தது. காற்றிலோ எலி ஓடியோ உடைந்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இன்னொன்று வைத்தேன். அது நாலே நாளில் இரண்டாகிவிட்டது. நடுவில் அரிசி நுழைகிற அளவுக்கு இடைவெளி.

போதகர் ஐயாவிடம் போனேன். எப்படிப் போனேன் என்று எனக்குத்தான் தெரியும். உன் அத்தான் படுத்த படுக்கையாக இருந்தபோது வாரம் இரண்டு முறை வந்து, தன் கையாலேயே முகச்சவரம் செய்துவிட்ட மனுஷர் அவர். அவர் கட்டிய சுவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்: “அம்மா, இந்தப் பால்கனிக்காக எத்தனை பேர் எத்தனை நாள் உபவாசம் இருந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதை நம்பாம கண்ணாடித் துண்டை நம்புறீங்களே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே வந்து பிள்ளைகளை வழக்கம்போல மேலே ஏற்றிப் பாட்டுப் பழக்கினேன். ஒவ்வொரு பிள்ளை ஏறும்போதும் படியை எண்ணினேன். பாட்டு காதில் விழவே இல்லை.

நான் அவிசுவாசியாகிவிட்டேனா? நீ அந்தப் பக்கம் போய்விட்டாய், என்னையும் இழுக்கிறாயா? நேராகச் சொல்.

அக்கா

ஜூலை 20

அக்கா,

நேராகவே சொல்கிறேன். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் ஆறு வருடமாக லைன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாரம் கட்டுகிற வேலையில் மேஸ்திரியாக இருந்தேன் அல்லவா. ஒருநாள் காலையில் ஏழாவது தட்டில் குழாய்களை இறுக்கிப் பிடிக்கிற ஒரு பிடிப்பு துருப்பிடித்திருப்பதைப் பார்த்தேன். வேலையை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியவர் இந்த ஊர் ஆலயத்தில் மூப்பர். எனக்கு வேலை வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சம். எங்களைக் காத்துக்கொள்ளும் என்று அங்கேயே கண்ணை மூடி ஜெபித்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். பதினொரு மணிக்குப் பிடிப்பு விட்டது. விழுந்து செத்தவன் என்னோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறவன். அடுத்த ஞாயிறு மூப்பர் என் தோளில் கைபோட்டு, “எல்லாம் தேவ சித்தம் தம்பி” என்றார். அன்றோடு சரி.

ஆண்டவர் எனக்குக் காட்டினார். நான் பார்த்தேன். பார்த்ததை வைத்துக்கொண்டுதான் ஜெபித்தேன். அதுதான் என் பாவம், அவநம்பிக்கை இல்லை.

பிள்ளைகளை இனி ஒருமுறைகூட மேலே ஏற்றாதே. நகராட்சி அலுவலகத்தில் கட்டட இன்ஜினியர் ஒருவர் இருப்பார். அவரைப் போய்ப் பார். உன் போதகர் உன்மேல் வருத்தப்பட்டால் படட்டும்.

சின்னவன்

ஆகஸ்ட் 12

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். ஆறு வருடமாக ஏன் ஆலயத்துக்குப் போகவில்லை என்று உன்னைக் குத்திக்கொண்டே இருந்தேனே, என்னை மன்னித்துவிடு.

இன்ஜினியர் வந்தார். சின்ன வயதுக்காரர், அதிகம் பேசவில்லை. பக்கவாட்டில் நின்று விளக்கு அடித்துப் பார்த்தார். உத்திரத்தின் நுனி சுவரில் உட்கார்ந்திருப்பது நாலு விரல்தான், அதற்குள்ளும் மழைநீர் இறங்குகிறது என்றார். கமிட்டிக்குக் கடிதமும் கொடுத்தார். விழா முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கமிட்டி அதை மடித்து வைத்துக்கொண்டது.

விழா அன்று பிள்ளைகளை மேலே ஏற்றவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திப் பாடவைத்தேன். உள்ளே ஜனங்கள் எழுந்து நின்று பால்கனியைப் பார்த்துக்கொண்டிருக்க, பாட்டு ஜன்னல் வழியாக வந்திருக்கிறது. சிலர் சிரித்தார்களாம். பெரியவர்கள் நாற்பது பேர் வேண்டுமென்றே மேலே போய் உட்கார்ந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, சின்னவனே. ஒரு தூள்கூட விழவில்லை.

ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்பாகவும் ஐயா சொன்னார், பயத்தின் ஆவி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பிள்ளைகளைத்தான் முதலில் பிடிக்கும் என்று. பாடகர் குழுவுக்கு வேறு டீச்சரைப் போட்டாகிவிட்டது. இருபத்தாறு வருடம். என்னிடமிருந்த ஆலயச் சாவியை வாங்கிக்கொள்ள ஆலயக் காவலரை அனுப்பினார்கள். அவர் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார்.

கடைத்தெருவில் ஒரு அம்மா என் பக்கத்திலிருந்து தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். அதுதான் தாங்கவில்லை. எனக்குள் ஏதோ கல்லாகிவிட்டது.

அக்கா

ஆகஸ்ட் 24

அக்கா,

அன்றைக்கு விழவில்லை என்றால் அன்றைக்கு விழவில்லை, அவ்வளவுதான். சுவருக்கு விழா தெரியாது.

இன்ஜினியர் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பு. அக்டோபரில் விடுப்புக் கேட்டிருக்கிறேன். நானே வந்து கமிட்டியோடு பேசுகிறேன். அதுவரை சரியாகச் சாப்பிடு. நீ செய்தது சரி. இதை உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லையே என்றுதான் இருக்கிறது.

சின்னவன்

செப்டம்பர் 5

சின்னவனே,

உத்திரம் இறங்கிவிட்டது. புதன்கிழமை காலை, பத்து மணி இருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். லாரியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு தெருவே அந்தப் பக்கம் ஓடியது.

உள்ளே ஒரே ஒருவர்தான் இருந்தார். போதகர் ஐயா.

அவரை உயிரோடு எடுக்க முடியவில்லை. நீ முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு யாருக்கும் தெரியாது.

போன ஞாயிறு ஆலயத்தைத் திறக்கவில்லை. வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லி ஆராதனையைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். கேள்விப்பட்டதும் எனக்குள் சிரிப்பு வந்தது, இப்போதாவது உறைத்ததா என்று. செவ்வாய் சாயங்காலம் ஐயா என் வீட்டுக்கு வந்தார். தனியாக, நடந்து. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. வாசலிலேயே நின்றார். இன்ஜினியர் எழுதிய கடிதம் அவர் கையில் இருந்தது. மடித்து மடித்து நைந்துபோயிருந்தது.

“அம்மா, இதை நாலு தடவை படிச்சேன். எனக்குப் புரியலை. ஜெபிச்சேன், அதுக்கு அப்புறமும் உங்க முகம்தான் வந்துட்டே இருக்கு. அந்த விரிசலை எப்படிப் பார்க்கிறது, எங்க நின்னு பார்க்கிறதுன்னு சொல்லுங்க. நாளைக்கு என் கண்ணால பார்த்துட்டு, கமிட்டியில நானே பேசிடுறேன்.”

சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நேர் கீழே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். அவ்வளவுதானே. நான் கூட வருகிறேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

நான் சொன்னது இதுதான்: “நான்தான் இப்ப எதுலயுமே இல்லையே ஐயா. புது டீச்சரைக் கேளுங்க.” சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன், சின்னவனே. விழாவுக்குப் பிறகு முதல்முறையாக.

உத்திரத்துக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு ஏறி நின்று அண்ணாந்து பார்த்தாராம். வெளியே நின்ற ஆலயக் காவலர் சொன்னார்.

இப்போது வருகிறவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எழுபத்திரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினீர்கள் என்கிறார்கள். ஆண்டவர் உங்களுக்கு எப்பேர்ப்பட்ட ஞானத்தைக் கொடுத்திருக்கிறார் என்கிறார்கள். கடைத்தெருவில் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாளே, அவளும் வந்து அழுதாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ எப்படி இந்த ஆறு வருடத்தைக் கழித்தாய் என்று உன்னைக் கேட்கலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். கேட்க மாட்டேன். உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

ஐயாவின் மனைவி ஆள் அனுப்பியிருக்கிறார். செவ்வாய் சாயங்காலம் எங்கேயோ போய்விட்டு வந்து அவர் சாப்பிடாமல் படுத்தாராம், எங்கே போனார் என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்கச் சொன்னாராம். தெரியாது என்று என்னால் சொல்லிவிட முடியும். ஊரில் ஒருவர்கூடச் சந்தேகப்பட மாட்டார்கள்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராக அந்த அம்மா வீட்டுக்குத்தான் போகிறேன். அவர் என்னை உள்ளே விடவில்லை என்றால் வாசலில் நின்று சொல்லுவேன்.

அக்கா