சாப்பாட்டு மேசைச் சட்டம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கும் குறையில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து உன் அப்பாவுக்கு வலது கை எழவில்லை, திரும்பி வந்த பேச்சும் தமிழ் மட்டும்தான். இங்கிலீஷ் அடியோடு போய்விட்டது. அதற்கு மட்டும் நான் அழவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், போன மொழி திரும்புகிறதா பார்ப்போம் என்று, நீ எழுதிய இங்கிலீஷ் மொழி வரலாற்றை அவருக்கு வாசித்தாள். அவர் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தமிழில் சொன்னாள். எவனோ இங்கிலாந்துக்குப் படையெடுத்து வந்து அரண்மனையில் பிரெஞ்சு பேசினானாம், இங்கிலீஷ் முந்நூறு வருஷம் போலச் சமையல்காரிகளிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் கிடந்ததாம். தொழுவத்தில் நிற்கும்வரை மாட்டுக்கு இங்கிலீஷ் பேர், துரையின் தட்டில் கறியாக வந்தால் பிரெஞ்சுப் பேராம். கடைசியில் துரைமாரின் பேரன்களே அந்த அடுப்படிப் பேச்சுக்கு இறங்கி வந்தார்களாம். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். இதற்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம், நம் சாப்பாட்டு மேசையே போதும். இங்கிலீஷில் கேட்டால்தான் தட்டில் விழும் என்று உன் அப்பா சட்டம் போட்டார். சமைத்த நான் கேட்கத் தெரியாமல் உளறினேன், நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள், நான் அடுப்படியில் நின்றபடி மிச்சத்தைத் தின்றேன். இப்போது சட்டம் என்னுடையது. தண்ணி என்று மொட்டையாகச் சொன்னால் தம்ளர் நகராது, கொஞ்சம் தண்ணி கொடும்மா என்று முழுசாக வரவேண்டும். நல்ல பயிற்சிதான் என்கிறாள் அந்தப் பெண். அவளுக்கு என்ன தெரியும். நேற்று திணறித் திணறிச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவசரப்படவில்லை.

அடுத்த மாதம் அவரைப் பார்க்க வருவதாக அந்தப் பெண்ணிடம் சொன்னாயாம். வா. வாசலைப் பார்த்தபடி ராசா ராசா என்கிறார். பட்டிக்காட்டுப் பேர் என்று நான் உன்னைக் கூப்பிடக்கூடாதென அவரே தடுத்த பேர். அவன் பெரிய துரை, அந்தப் பேருக்கெல்லாம் திரும்பமாட்டான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ போனில் பேசும் இங்கிலீஷ் அவருக்கு இப்போது வெறும் இரைச்சல், பேரப்பிள்ளைகள் பேசுவதும் அப்படித்தான். அவர் இருக்கும்போதே அவரோடு பேச வேண்டுமென்றால் தமிழில் நாலு வார்த்தை தேற்றிக்கொண்டு வா, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடு. உங்கள் நாலு பேருக்கும் தட்டு கழுவி வைத்திருப்பேன். கேட்கிற வாய்க்குத்தான் சாப்பாடு, குழந்தை என்று பார்க்கமாட்டேன்.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், குளிரில் காதை மூடிக்கொள். எழுத்து மறந்திருந்தால் இதை யாரிடமாவது கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல். உன் புத்தகத்தை நான் அப்படித்தான் கேட்டேன்.

அடுப்படியிலிருந்து,
உன் அம்மா