பிரித்து வைத்த புத்தகங்கள்

மாமா,

அன்பு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டேன்.

உங்கள் தங்கை போன் செய்தாள். “மதினி, புக்கெல்லாம் ஒரே அக்கவுண்டுல கெடக்காம். அண்ணனோடத மட்டும் தனியாப் பிரிச்சு வைப்பீகளாம்” என்றாள். நேரில் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை.

நம் மின்னூல்களை எல்லாம் பிரித்துவிட்டேன். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை மற்ற அறைகளை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். ஒன்று பற்றினால் மற்றதாவது மிஞ்சட்டும் என்றுதான். அந்த முறையில் உங்களுக்கு ஒரு கலெக்‌ஷன், எனக்கு ஒரு கலெக்‌ஷன். ‘இருவரும்’ என்று நீங்கள் ஆசையாகப் போட்ட டேகை ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் எடுத்தேன். துப்பறியும் கதைகள் உங்களுக்கு. சமையல் புத்தகங்களையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் ஆக்கிப் போட ஆள் இருக்கிறதே.

குழந்தைப் பெயர்கள் புத்தகம் மட்டும் எதிலும் சேராமல் கிடந்தது. கல்யாணமான வருஷம் வாங்கியது. நமக்குத் தேவைப்படவே இல்லை. அதையும் உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். அங்கே இருக்கிறவளுக்கு வளைகாப்பு முடிந்ததை உங்கள் தங்கை வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அதில் ஒரு பெயருக்கு மட்டும் அப்போதே மஞ்சள் ஹைலைட் பூசியிருந்தேன். அழிக்க மனம் வரவில்லை.

அந்தப் பெயரை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
விவாகரத்துத் தாளில் இன்னும் கையெழுத்துப் போடாதவள்